செலவு யாருடையது? பிரெஞ்சு டிரான்ஸ்ஃபர் பாலிசியை ஆங்கிலமாக்கிய அனுபவம்

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் சென்னைக் கிளையில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று இரண்டு வருடத்துக்கு பிரான்சுக்கு டிரான்ஸ்ஃபர். கூடவே மெயிலில் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் ஃபைல். விமான டிக்கெட்டை யார் எடுப்பது, வீட்டு வாடகை யார் பொறுப்பு, குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் உண்டா, பாதியில் வேலையை விட்டால் என்ன ஆகும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆனால் முழுக்க முழுக்க பிரெஞ்சில் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? காப்பி, பேஸ்ட், ஆன்லைன் டிரான்ஸ்லேட்டர். நானும் அப்படித்தான் செய்திருப்பேன், பிரெஞ்சு தெரியாவிட்டால்.

சிந்தாதிரிப்பேட்டையில் வீட்டின் முன்னறையிலேயே டிடிபி வேலை செய்துவருகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக் என்று ஆரம்பித்த தொழில். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தபிறகு மொழிபெயர்ப்பும் சேர்ந்துகொண்டது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை, ஒரகடத்தில் 2010-ல் திறந்த ரெனோ நிஸான் கார் ஆலை, தேர்வாய் கண்டிகையில் மிஷ்லின் டயர் ஆலை என்று பிரெஞ்சு நிறுவனங்கள் சென்னையைச் சுற்றி வந்தபிறகு, இந்த மொழிக்கு இங்கே ஓரளவு வேலை இருக்கிறது.

எதிர் வீட்டு அக்காவின் மருமகன் ஒரு வியாழக்கிழமை இரவு பென் டிரைவோடு வந்தார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். லியோன் நகருக்குப் பக்கத்தில் இரண்டு வருடம். மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும் கூடப் போக வேண்டும். "அண்ணே, திங்கட்கிழமை கையெழுத்துப் போடணும். நானே டிரான்ஸ்லேட்டர்ல போட்டுப் பார்த்துட்டேன். கம்பெனி வீட்டு டெபாசிட்டும் கட்டுது, ஒரு ஃபர்ஃபீட் அலவன்ஸும் இருக்கு. இங்கிலீஷ்ல சுத்தமா அடிச்சுக் குடுத்தீங்கன்னா மாமாகிட்ட காட்டிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன்" என்றார்.

ஃபர்ஃபீட் அலவன்ஸா? இருக்கிற அலவன்ஸைப் பறிமுதல் செய்கிறார்களா என்ன? எனக்குச் சந்தேகம் வந்தது. "தம்பி, உட்காருங்க. மொதல்ல ஒரிஜினலைப் பார்ப்போம்" என்றேன்.

ஸ்கேன் செய்த ஃபைலில் ஆரம்பமே வில்லங்கம்

அது ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதாவது படம், எழுத்தாக செலக்ட் செய்ய முடியாது. ஓசிஆர் செய்தால்தான் எழுத்தாகும். தம்பி ஏதோ ஒரு இலவச சாஃப்ட்வேரில், மொழியை இங்கிலீஷ் என்றே விட்டு ஓசிஆர் செய்திருக்கிறார். விளைவு, பிரெஞ்சு எழுத்துகளின் தலைமேல் இருக்கும் சாய்கோடு, கூரை போன்ற குறிகள் எல்லாம் போய்விட்டன.

சின்னக் குறிதானே என்று விட்டுவிடாதீர்கள். 'ரெத்ரேத்' என்றால் ஓய்வூதியம். அதே எழுத்துகளில் கடைசி எழுத்தின்மேல் ஒரு சாய்கோடு போட்டால் 'ரெத்ரேத்தே', ஓய்வு பெற்றவர். 'டியூ' என்பது வெறும் இணைப்புச் சொல். தலையில் கூரை வைத்தால் 'பாக்கி, கொடுக்க வேண்டியது' என்று அர்த்தம். பணம் பற்றிய டாக்குமெண்டில் இந்தக் கூரை காணாமல் போவது நல்லதல்ல.

தீர்வு சுலபம். எந்த ஓசிஆர் சாஃப்ட்வேர் ஆனாலும் செட்டிங்ஸில் மொழியை பிரெஞ்சு என்று மாற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இலவச டெஸராக்ட் சாஃப்ட்வேர் என்றால் பிரெஞ்சு மொழி ஃபைலைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். கூகுள் டிரைவில் பிடிஎஃப்-ஐ ஏற்றி, ரைட் கிளிக் செய்து, ஓப்பன் வித் - கூகுள் டாக்ஸ் கொடுத்தாலும் எழுத்தாக மாறும். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. சம்பள விவரம், பாஸ்போர்ட் எண் உள்ள டாக்குமெண்டை ஆன்லைனில் ஏற்றுவதற்கு முன்னால் நிறுவனம் அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். இலவச மொழிபெயர்ப்புத் தளங்களில் சில, நீங்கள் பேஸ்ட் செய்வதைத் தங்கள் சிஸ்டத்தைப் பழக்குவதற்கு எடுத்துக்கொள்ளும். நான் பெயர், எண்களை எல்லாம் அழித்துவிட்டு, என் கம்ப்யூட்டரிலேயே ஓசிஆர் செய்தேன். பிறகு பிரிண்ட் எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஒரு மணி நேரம் ஆனது.

ஒரே சொல், ஐந்து அர்த்தம்

இனி விஷயத்துக்கு வருவோம். இந்த டாக்குமெண்டில் அதிகமாக வந்த சொல் 'ஷார்ழ்'. ஆங்கிலத்தில் சார்ஜ் என்று எழுதுகிறோமே, அதே எழுத்துகள்தான். அதனால்தான் ஆபத்து.

'நிறுவனத்தால் ப்ரீ ஆன் ஷார்ழ்' என்று வந்தால் அந்தச் செலவை நிறுவனம் ஏற்கிறது. 'ஊழியரின் ஆ லா ஷார்ழ்' என்று வந்தால் அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் ஒன்றிரண்டு சின்னச் சொல்தான். 'பெர்சோன் ஆ ஷார்ழ்' என்றால் உங்களை நம்பி இருப்பவர்கள், அதாவது டிபென்டன்ட்ஸ். 'ஷார்ழ் கோம்ப்ரீஸ்' என்று வாடகைக்குப் பக்கத்தில் வந்தால், மாடிப்படி விளக்கு, துப்புரவு போன்ற மெயின்டனன்ஸ் சேர்ந்த வாடகை. 'ஷார்ழ் சோசியால்' என்பது சம்பளத்தின்மேல் கட்டும் பிஎஃப் போன்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா. ஐந்தையும் சார்ஜ் என்றே அடித்துவிட்டால் ஆங்கிலம் இலக்கணப்படி சரியாகத்தான் இருக்கும். படிப்பவருக்குத்தான் யார் பணம் கட்டுவது என்று தெரியாது.

அதனால் நான் இந்த மாதிரி வேலையில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். காசு யாருடையது? பில் காட்ட வேண்டுமா? எப்போது திருப்பிக் கேட்பார்கள்? இந்த மூன்றுக்கும் ஆங்கில வரியில் பதில் தெரிந்தால் மொழிபெயர்ப்பு சரி. தெரியாவிட்டால், எவ்வளவு அழகான ஆங்கிலமாக இருந்தாலும் தப்பு.

தம்பி சொன்ன 'ஃபர்ஃபீட்' என்ன ஆனது? அது 'ஃபோர்ஃபே'. பறிமுதல் இல்லை. மொத்தமாக ஒரு தொகை, பில் கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் லம்ப் சம். இதற்கு நேர் எதிரானது 'ஃப்ரே ரேயேல், சியூர் ழ்யூஸ்திஃபிகாத்தீஃப்': பில் கொடுத்தால் ஆன செலவு திரும்பி வரும். பக்கத்திலேயே 'பிளாஃபோன்' என்று வந்தால், வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் உச்சவரம்பு, சீலிங். (நம் ஆங்கிலத்திலும் கூரையைத்தானே சொல்கிறோம்!)

ஏன் சில இனங்களுக்கு லம்ப் சம், சிலவற்றுக்கு பில்? பிரெஞ்சு அரசு 2002 டிசம்பர் 20-ம் தேதியிட்ட ஆணை ஒன்றில், வேலைக்காக இடம் மாறும் ஊழியருக்கு நிறுவனம் கொடுக்கும் பணத்தைப் பிரித்து வைத்தது. நிரந்தர வீடு கிடைக்கும் வரை தற்காலிகமாகத் தங்கவும் கூடுதல் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவு ஒன்று. புது வீட்டில் குடியமர ஆகும் செலவு இன்னொன்று. சாமான்களை ஏற்றி இறக்கும் செலவு வேறு. முதல் இரண்டுக்கும் மொத்தத் தொகையாகக் கொடுக்கலாம். சாமான் செலவுக்கு பில் வேண்டும். நிறுவனங்களின் பாலிசியும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் போகும். இந்தப் பின்னணி தெரிந்தால் வார்த்தைகள் தானாகப் பிடிபடும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பேட்டையின் கதை ஞாபகம் வந்தது. 1734-ல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைவில் இருந்த சுங்குராம செட்டியின் தோட்டத்தில்தான் கம்பெனிக்காரர்கள் நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். குடிவர விரும்பியவர்களுக்குக் கடன் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். டிரான்ஸ்ஃபர் பாலிசி சிந்தாதிரிப்பேட்டைக்குப் புதிதில்லை!

டெபாசிட் விஷயம்

'லொகாசியோன்' என்றால் இடம் இல்லை, வாடகைக்கு எடுப்பது. 'ப்ரீம்' என்றால் பிரதமர் இல்லை. இன்சூரன்ஸ் பக்கத்தில் வந்தால் பிரீமியம், சம்பளப் பக்கத்தில் வந்தால் போனஸ். 'அந்தெம்னித்தே' என்பதை இன்டெம்னிட்டி என்று அடிக்காதீர்கள். ஆங்கிலத்தில் அது நஷ்டத்தை ஈடு செய்யும் சட்டப் பொறுப்பு. இங்கே வெறும் அலவன்ஸ்தான்.

தம்பியின் பணம் நிஜமாகவே மாட்டியிருந்த இடம் 'கோசியோன்' என்ற சொல். ஆங்கில காஷன் இல்லை இது. பிரெஞ்சுக்காரர்கள் பேச்சில் டெபாசிட்டையும் கோசியோன் என்பார்கள். சட்ட மொழியில் டெபாசிட்டுக்குப் பெயர் 'தெப்போ தெ கரான்தி'. கோசியோன் என்றால் ஜாமீன்தாரர். பாலிசியில் இருந்த வரி, நிறுவனம் கோசியோனாக நிற்கும் என்பது. அதாவது ஊழியர் வாடகை கட்டாவிட்டால் நாங்கள் பொறுப்பு என்று வீட்டுக்காரருக்கு உறுதி தருவார்கள். டெபாசிட் பணம் கட்டுவார்கள் என்று அதில் இல்லை. அதற்கு இரண்டு வரி கீழே 'தெப்போ தெ கரான்தி, ஊழியரின் ஆ லா ஷார்ழ்' என்று தெளிவாகவே இருந்தது. மெஷின் இரண்டையுமே டெபாசிட் என்று போட்டுவிட்டது. அடுத்தடுத்த வரிகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதைத் தம்பி கவனிக்கவில்லை. நல்ல செய்தியை மட்டும் மனசு பிடித்துக்கொண்டது.

எவ்வளவு வரும்? நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய நமக்கு பிரான்ஸ் கணக்கு கொஞ்சம் ஆறுதல். அங்கே குடியிருப்பு வீட்டுக்கு ஃபர்னிச்சர் இல்லாவிட்டால் ஒரு மாத வாடகை, ஃபர்னிச்சரோடு என்றால் இரண்டு மாத வாடகை வரைதான் டெபாசிட் கேட்க முடியும். அவர் பார்த்து வைத்திருந்தது மாதம் 900 யூரோ வாடகையில் ஃபர்னிச்சரோடு ஒரு வீடு. ஆக, போய் இறங்கிய முதல் வாரமே கையிலிருந்து 1,800 யூரோ எடுத்து வைக்க வேண்டும். அந்தக் கணக்கு அவர் பட்ஜெட்டில் இல்லவே இல்லை.

"அப்போ வேலையைப் பாதியில விட்டா?" என்று கேட்டார், கொஞ்சம் பயந்துபோய். அதற்கும் ஒரு வரி இருந்தது. 12 மாதத்துக்குள் 'தெமிசியோன்' என்றால், சாமான் செலவையும் குடியமரும் தொகையையும் மீதி மாதக் கணக்குப்படி திருப்பித் தர வேண்டும். மெஷின் இதைச் சரியாகவே ரெசிக்னேஷன் என்று போட்டிருந்தது. ஆனால் அவருடைய நண்பர் ஒருவர், பார்க்க டிஸ்மிஸ் மாதிரி இருக்கிறதே என்று பேனாவால் டிஸ்மிஸல் என்று திருத்தியிருக்கிறார். தெமிசியோன் என்றால் நாமாக ராஜினாமா செய்வது. நிறுவனம் அனுப்புவதற்குப் பெயர் 'லிசான்சிமான்'. அது ஏதோ லைசென்ஸ் மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஆக, அவராக விலகினால்தான் பணம் திரும்பக் கொடுக்க வேண்டும். நிறுவனமே அனுப்பினால் இந்த வரி பொருந்தாது. ஒரு சொல்லை மாற்றினால் பொறுப்பு தலைகீழாகிவிடுகிறது பாருங்கள்.

பிஎஃப் அலுவலகத்துக்கு ஒரு சொல், ஹெச்ஆருக்கு ஒரு சொல்

'தெதாஷ்மான்' என்ற சொல்லில் எனக்கே ஒரு நிமிஷம் தடுமாற்றம். ஊழியர் சென்னை நிறுவனத்தின் ஆளாகவே இருந்துகொண்டு தற்காலிகமாக அங்கே போய் வேலை செய்வது. ஹெச்ஆர் ஆங்கிலத்தில் செகண்ட்மென்ட். டிடாச்மென்ட் என்று அடித்தால் ராணுவம் மாதிரி இருக்கும். ஆனால் இந்தியாவும் பிரான்சும் 2008 செப்டம்பர் 30-ல் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2011 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த விஷயத்தில் நம் பிஎஃப் அலுவலகம் பயன்படுத்துவது டிடாச்மென்ட் என்ற சொல்லைத்தான்! இப்படி அனுப்பப்படுபவர் 60 மாதம் வரை இங்கேயே பிஎஃப் கட்டிக்கொண்டு, அங்கே ஓய்வூதியச் சந்தா கட்டாமல் இருக்கலாம். அதற்கு பிஎஃப் நிறுவனத்திடமிருந்து சர்டிஃபிகேட் ஆஃப் கவரேஜ் வாங்க வேண்டும். இதற்கு மாறாக 'எக்ஸ்பாத்ரியாசியோன்' என்று பாலிசி சொன்னால், ஊழியர் சொந்த நாட்டுத் திட்டத்தை விட்டு வெளியே போகிறார் என்று பொருள்.

எனவே மொழிபெயர்ப்பில் செகண்ட்மென்ட் என்று போட்டுவிட்டு, பிஎஃப் பற்றிய பத்தியில் மட்டும் டிடாச்மென்ட் என்று போட்டேன். ஒரே சொல்லை எங்கும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும் என்ற விதியை நான் நம்பினாலும், சில இடங்களில் யார் படிக்கப் போகிறார் என்பது விதியை விடப் பெரிது.

சின்னச் சின்னதாக வேறு சில. 'எவான்த்யுவேல்மான்' என்றால் கடைசியில் என்று அர்த்தமில்லை, இருந்தால், தேவைப்பட்டால். 'வுவாயாழ் தெ ரெகொனேசான்ஸ்' என்பது வீடு, பள்ளி பார்க்க முன்கூட்டியே போய் வரும் பயணம். 'அவ்நான்' என்றால் ஒப்பந்தத்தோடு சேர்க்கும் திருத்தம். லீவு கணக்கில் 'ழூர் ஊவ்ராப்ள்' என்றால் திங்கள் முதல் சனி வரை ஆறு நாள். 'ழூர் ஊவ்ரே' என்றால் பெரும்பாலும் ஐந்து நாள். இரண்டையும் வொர்க்கிங் டே என்று போட்டால் ஒரு நாள் லீவு காற்றில் போகும்.

12,500 கன மீட்டர் சாமான்!

கப்பலில் அனுப்பும் சாமான் அளவு 12,500 கன மீட்டர் வரை என்று எக்ஸெல் ஷீட் சொன்னது. ஒரு வீட்டுச் சாமானா, தெருச் சாமானா? பிரெஞ்சில் தசமப் புள்ளிக்கு கமா போடுவார்கள். ஆயிரத்தைப் பிரிக்க ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள். ஆக இது பன்னிரண்டரை கன மீட்டர். நம் எக்ஸெல் கமாவைப் பார்த்ததும் பன்னிரண்டாயிரம் ஆக்கிவிட்டது. 1 500,00 என்று இருந்தாலோ அதை எண்ணாகவே எடுக்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும். செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், கூட்டலில் சேராது. கூட்டுத்தொகை குறைவாக வருகிறதே என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

இதைச் சரி செய்ய, அந்த காலத்தை முதலில் டெக்ஸ்ட் ஃபார்மேட்டில் வைத்து பேஸ்ட் செய்யுங்கள். பிறகு டேட்டா டேபில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் கிளிக் செய்து, மூன்றாவது படியில் அட்வான்ஸ்டு பட்டனை அழுத்துங்கள். டெசிமல் செபரேட்டரில் கமா, தவுசண்ட்ஸ் செபரேட்டரில் ஸ்பேஸ் கொடுத்து முடியுங்கள். அப்படியும் மாறாவிட்டால் அது சாதாரண ஸ்பேஸ் இல்லை, நான்பிரேக்கிங் ஸ்பேஸ். அந்த இடைவெளியை ஒரு செல்லிலிருந்து காப்பி செய்து, ரீப்ளேஸ் பெட்டியில் ஃபைண்ட் பக்கம் பேஸ்ட் செய்து, மாற்று இடத்தைக் காலியாக விட்டு ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள்.

ஒருமுறை கஷ்டப்பட்டதைச் சேமிப்பது எப்படி?

இத்தனை சொல்லையும் அடுத்த தடவை யார் ஞாபகம் வைத்திருப்பது? இதற்குத்தான் ஒமேகா-டி என்ற இலவச சாஃப்ட்வேர். இது தானாக மொழிபெயர்க்காது. நீங்கள் மொழிபெயர்த்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளும். புராஜெக்ட் மெனுவில் நியூ கொடுத்து ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். மூல மொழி பிரெஞ்சு, இலக்கு மொழி ஆங்கிலம். ஓசிஆர் செய்து டாக்எக்ஸ் ஆக சேவ் செய்த ஃபைலை சோர்ஸ் ஃபோல்டரில் போட்டால், வரி வரியாகப் பிரித்துக் காட்டும். ஏற்கெனவே செய்த வரிபோல ஒன்று வந்தால் பக்கத்துப் பெட்டியில் பழைய மொழிபெயர்ப்பு தெரியும். கன்ட்ரோல் - ஆர் அழுத்தினால் அப்படியே வந்துவிடும். முடிந்ததும் கன்ட்ரோல் - டி. டார்கெட் ஃபோல்டரில் ஆங்கில ஃபைல் தயாராக இருக்கும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது குளோஸரி. கன்ட்ரோல் - ஷிஃப்ட் - ஜி அழுத்தினால் ஒரு சின்ன விண்டோ வரும். பிரெஞ்சுச் சொல், ஆங்கிலச் சொல், குறிப்பு என்று மூன்று பெட்டி. பலர் குறிப்பைக் காலியாக விட்டுவிடுவார்கள். நான் அதில்தான் 'செலவு நிறுவனத்துக்கு', 'செலவு ஊழியருக்கு', 'பில் வேண்டும்' என்று எழுதி வைக்கிறேன். 'ஷார்ழ்' என்று தனிச் சொல்லாகச் சேர்க்காதீர்கள், பிரயோஜனம் இல்லை. ஐந்து தொடர்களையும் ஐந்து தனி வரிகளாகச் சேர்த்துவிடுங்கள். அந்தத் தொடர் டாக்குமெண்டில் வரும்போதெல்லாம் குறிப்போடு பக்கத்தில் வந்து நிற்கும்.

சந்தேகச் சொற்களுக்கு ஐரோப்பிய யூனியனின் ஐயேட் என்ற இணையக் கலைச்சொல் தளம் உதவும். கியூபெக் அரசின் கிராண்ட் டிக்ஷனேர் தளமும் நல்லது, ஆனால் அது கனடா பிரெஞ்சு என்பதை மறக்க வேண்டாம். மெஷின் மொழிபெயர்ப்பை நான் ஒதுக்கவில்லை. 2016-ல் கூகுள் நியூரல் முறைக்கு மாறியபிறகு பிரெஞ்சு - ஆங்கிலம் நன்றாகவே வருகிறது. முதல் பிரதிக்கு நானும் பயன்படுத்துகிறேன். அதன் ஆங்கிலம் சரளமாக இருப்பதால்தான் 'கோசியோன்' போன்ற தப்பு கண்ணில் படாமல் போகிறது.

ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு ஆங்கிலப் பிரதி முடிந்தது. தம்பி அதை வைத்து ஹெச்ஆருக்கு மூன்று கேள்விகள் அனுப்பினார்: டெபாசிட்டுக்கு சம்பள முன்பணம் கிடைக்குமா, சாமான் அளவு பன்னிரண்டரை கன மீட்டர்தானா, சர்டிஃபிகேட் ஆஃப் கவரேஜுக்கு யார் விண்ணப்பிப்பது? திங்கட்கிழமை கையெழுத்துப் போடவில்லை. புதன்கிழமை பதில் வந்தது. முன்பணம் உண்டு, ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள். அளவு பன்னிரண்டரைதான். சர்டிஃபிகேட் சென்னை அலுவலகத்தின் பொறுப்பு. அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டார். கிரைண்டரைக் கப்பலில் ஏற்றலாமா என்று அக்கா இப்போது என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு பாலிசியில் வரி எதுவும் இல்லை.